வாளையின் வயிற்றில் ஒரு சுருள்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டுத் தம்பி ஒரு கையில் எவர்சில்வர் பாத்திரமும் மறு கையில் செல்பேசியுமாகத் தெருவில் இறங்கி வந்தார். எங்கள் திண்ணையோரம் அலுமினியச் சட்டியை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்த மீன்கார அக்காவின் முன்னால் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். கால் மணி நேரத்துக்கு முன்பு அவரிடம் வாங்கிய வாளை, வயிறு கீறிய நிலையில் உள்ளே கிடந்தது.

"புழுத்துப்போன மீனையா எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகப் பார்த்தீர்கள்? குழந்தை சாப்பிடுகிற வீடு இது."

அக்கா எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து 300 ரூபாயை எண்ணி நீட்டினார். செல்பேசி தன் பக்கம் திரும்பியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். வாங்க வந்த இருவர் வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போனார்கள். வெயில் ஏறும் முன்பு காலியாக வேண்டிய சட்டியில் பாதிக்கு மேல் மீன் கிடந்தது.

"அந்த வாளையை எனக்குக் கொடுங்கள் அக்கா, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். நீங்கள் வேறு எதற்கு?" என்றார்.

நான் கட்டாயப்படுத்தித்தான் வாங்கினேன். மயிலாடுதுறையில் பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒட்டுண்ணிகள் பாடத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். என் வாசலில் ஒரு பெண்ணின் அன்றைய வருமானத்தை அதே ஒட்டுண்ணி பறித்துக்கொண்டு போகும்போது எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புழுவைப் பார்த்துவிடலாம். வாளை என்று நான் சொல்வது ஆற்று வாளையை அல்ல. வெள்ளித் தகட்டை நாடாவாக அறுத்ததுபோல் மினுங்கும் கடல் வாளை. அதன் வயிற்றைக் கீறினால் குடலின் மேலும் ஈரலின் மேலும் மெல்லிய சவ்வுக்குள், கைக்கடிகாரத்தின் சுருள்வில் மாதிரி வட்டமாகச் சுருண்டு சில புழுக்கள் கிடக்கும். ஒரு சுருள் மிளகைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். பால் வெள்ளை நிறம், சிலவற்றில் லேசான பழுப்பு. ஊசி முனையால் சவ்வைக் கிழித்து ஒன்றை எடுத்து, உப்புக் கரைத்த தண்ணீர் உள்ள சாசரில் போட்டேன். சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாகத் தன்னை அவிழ்த்துக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளத்தில் தையல் நூல் துண்டு போல நீண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சாசரின் விளிம்பைத் தேடியது. அந்தத் தேடலைப் பார்க்கிற யாருக்கும் உடம்பு கூசத்தான் செய்யும். எதிர்வீட்டுத் தம்பியின் மனைவி அலறியதில் தப்பே இல்லை.

தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழில் 'புழுத்துப்போனது' என்றாலே கெட்டுப்போனது என்று பொருள். புழு வந்தால் அழுகல், அழுகினால் புழு என்று இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறோம். கத்தரிக்காய்க்கும் அரிசி மாவுக்கும் அது பொருந்தலாம். ஈ மொய்த்த மீனில், சரியாகக் காயாத கருவாட்டில் நெளியும் வெள்ளைப் புழுவுக்கும் பொருந்தும். அது ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தது, மீன் செத்த பிறகு வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட மீனைக் கொண்டுவந்தால் எந்தக் கடைக்காரரையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். வாளையின் வயிற்றில் சுருண்டிருந்தது அந்தச் சாதி அல்ல. மீன் துள்ளித் திரிந்தபோதே அதனோடு இருந்தது. வலையில் விழுந்த நொடியில் அறுத்துப் பார்த்திருந்தாலும் அங்கேயேதான் இருந்திருக்கும். எந்த மீனவரும் அதை உள்ளே போடவில்லை, எந்தப் பெண்ணும் அதை மறைத்து விற்கவில்லை.

அந்தக் குடும்பத்துப் புழுக்களில் உலகம் அதிகம் அறிந்தது அனிசாகிஸ். அதன் கதை ஓங்கில்களிடம் தொடங்குகிறது. டால்பின் என்று பிள்ளைகள் சொல்லும் ஓங்கிலைக் கரையோர மக்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓங்கில், திமிங்கிலம் போன்ற பாலூட்டிகளின் இரைப்பையில்தான் இந்தப் புழு முழு வளர்ச்சி அடைந்து முட்டையிடும். முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கும். அங்கே பொரிந்து வரும் இளம்புழுவைக் கூனியைவிடச் சிறிய ஓடுள்ள உயிர்கள் விழுங்கும். அவற்றை நெத்திலியும் கவலை மீனும் தின்னும். நெத்திலியை வாளை தின்னும். ஒவ்வொரு முறையும் விழுங்கப்பட்டது சாகும்போது உள்ளே இருக்கும் புழு சாவதில்லை. விழுங்கிய புது மீனின் குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி சுருண்டு படுத்துக் காத்திருக்கும். என்றாவது ஒரு நாள் ஓர் ஓங்கில் இந்த வாளையைத் தின்னும் என்று அது காத்திருக்கிறது. நம் கடலைப் போன்ற வெதுவெதுப்பான கடல்களில் ஓங்கில்களை நம்பி வாழும் இனத்துக்கு அனிசாகிஸ் டிப்பிக்கா என்று பெயர். வாளையிலும் தும்பிலியிலும் கானாங்கெளுத்தியிலும் கிடைக்கும் உருளைப்புழுக்கள் எல்லாமே அனிசாகிஸ் அல்ல. அதன் உறவுக்காரப் புழுக்கள் சிலவற்றுக்குப் பெரிய மீனின் குடலே கடைசி வீடு, சிலவற்றுக்குச் சுறாவின் வயிறு.

வாளை பெருந்தீனிக்காரன். கையில் சிக்கிய சிறு மீனையெல்லாம் விழுங்கும், தன் இனத்தையே கூடத் தின்னும். அத்தனை சிறு மீன்களின் வயிற்றிலிருந்த புழுக்களும் அதனிடம் வந்து சேர்கின்றன. மற்ற மீன்களில் ஒன்றிரண்டு தென்படும்போது வாளையில் கொத்தாகத் தென்படுவதற்கு இதுதான் காரணம்.

இது வயிற்றில் இருக்கும் புழு. சதையில் இருப்பது வேறு. மீன் துண்டத்தை வறுத்து வாயில் வைக்கும்போது சதை அடுக்குகளுக்கு இடையே வெந்த சோற்றுப் பருக்கை மாதிரியோ சின்ன வெள்ளை நாடா மாதிரியோ ஒன்று தட்டுப்பட்டால், பெரும்பாலும் அது நாடாப்புழுவின் இளம்பருவம். தலையில் நான்கு நீண்ட கொடுக்குகள், அவற்றில் வரிசை வரிசையாகக் கொக்கிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் பொற்கொல்லர் செய்த வேலை போலிருக்கும். இதன் கடைசி வீடு சுறாவின் குடலும் திருக்கையின் குடலும். மனிதனுக்குள் இது வளராது, பார்வைக்கு அருவருப்பைத் தவிர வேறு கெடுதல் செய்யாது. சுறாவும் திருக்கையும் வற்றிப்போன கடலில் இந்தப் புழுவுக்குப் போய்ச் சேர இடம் கிடையாது.

இந்தக் கூட்டத்து நாடாப்புழுக்களைப் பற்றி வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1902இல் வில்லியம் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை ஆராய இலங்கைக்கு வந்தார். சிப்பிக்குள் நுழைந்து செத்துப்போகும் நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றித்தான் நல்ல முத்து உருவாகிறது என்று முடிவு கட்டி எழுதினார். அந்தப் புழுவைச் சிப்பியிலிருந்து கொண்டுபோய் முழு வளர்ச்சி பெறவைப்பவை சிப்பியைத் தின்னும் மீன்களும் திருக்கைகளும் என்றும் கருதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் மகாராணிகள் கழுத்தில் கட்டிய முத்தின் நடுவே ஒரு நாடாப்புழுக் குஞ்சு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் விஞ்ஞானம் நம்பியது என்று சொல்லும்போது, கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

களவா மீனின் சினையைப் பிதுக்கினால் சில சமயம் இரத்தச் சிவப்பில் நீளமான புழுக்கள் வரும். மீனின் இரத்தத்தை உண்டு வாழ்பவை, பிலோமெட்ரா என்று பெயர், நமக்குத் தொற்றாது. மீனின் செவுளுக்குள் பூச்சி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது புழுவே அல்ல, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் இந்தச் செவுள் பூச்சிகளை ஆராய்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். கடலுக்கு மட்டுமான சங்கதியும் அல்ல இது. நம் குளத்து மீனின் சதையில் மஞ்சள் மணியாகத் தெரியும் புழு, வயலில் நிற்கும் கொக்கு நாரைகளின் தொண்டைக்குப் போகக் காத்திருப்பது. நடுவே நத்தை, பிறகு மீன், பிறகு கொக்கு. நடவு வயலில் இவை மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

சரி, மனிதனுக்கு என்ன ஆகும்? எதிர்வீட்டுத் தம்பியின் பயத்தில் நியாயமான பங்கு இந்தக் கேள்விதான்.

அனிசாகிஸ் மனிதனுக்குத் தீங்கு செய்யும். உயிரோடு உள்ளே போனால் மட்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மீன் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் இரைப்பைச் சுவரில் அது தலையை நுழைக்கும். நம் வயிற்றை ஓங்கிலின் வயிறு என்று தவறாக எண்ணிக்கொள்கிறது, பாவம். உயிர் போகும் வலி, குமட்டல், வாந்தி. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போய்விட்டால் சில நாள் கழித்து வலி வரும். குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் உண்டு. மனிதனுக்குள் அது வளர்ந்து முட்டையிடாது, சில வாரங்களில் செத்துவிடும். இரைப்பையில் இருந்தால் குழாய்க் கருவியை விட்டுப் புழுவைப் பிடுங்கி எடுத்ததும் வலி அடங்கிவிடும். உலகத்திலேயே இது அதிகம் நடப்பது பச்சை மீன் உண்ணும் ஜப்பானில்.

இந்த நோயைப் பற்றி நான் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது நெதர்லாந்து நாட்டின் கதை. அங்கே ஹெரிங் என்ற மீனை லேசாக உப்பிட்டுச் சமைக்காமலே தின்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். ஹெரிங்கில் புழு இருப்பது புதிதல்ல. ஆனால் 1950களில்தான் ஆட்கள் திடீர் வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஹெரிங்கிலிருந்து வந்த புழுதான் காரணம் என்று 1960இல் வான் தீல் என்ற ஒட்டுண்ணியியலாளர் எழுதினார். அத்தனை காலம் இல்லாத நோய் ஏன் அப்போது வந்தது? முன்பெல்லாம் பிடித்த உடனே படகிலேயே ஹெரிங்கின் குடலை எடுத்து உப்பிட்டுவிடுவார்கள். பிறகு ஐஸ் வந்தது. குடலோடு அப்படியே ஐஸில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து ஆய்வது வழக்கமானது. அந்த இடைவெளியில் புழுக்கள் குடலை விட்டு வயிற்றுச் சதைக்குள் நகர்ந்துவிட்டன என்பதுதான் அன்று சொல்லப்பட்ட விளக்கம். 1968இல் ஹெரிங்கை உறையவைத்த பிறகே விற்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நோயும் குறைந்தது.

இதைப் படித்தபோது என் அம்மாவின் குரல் காதில் கேட்டது. "மீன் வந்ததும் ஆய்ந்துவிடு, குடலோடு போட்டு வைக்காதே." அம்மா சமையலறையில் கண்டிப்பாக வைத்திருந்த விதிகளில் அது முதல் விதி. விருந்தாளி வந்து உட்கார்ந்திருந்தாலும், குழந்தை அழுதாலும், மீன் வந்தால் முதலில் அரிவாள்மனை. செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, குடலை ஒரே இழுப்பில் எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுப்பு இரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, கல்லுப்புப் போட்டு உரசி, அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு முறை, மஞ்சள் தண்ணீரில் ஒரு முறை. வயிற்றுப் பக்கத்து மெல்லிய சதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டால் 'சுத்தமா என்று பார்க்கிறேன்' என்பார். புழுக்கள் சதைக்குள் போவதாக இருந்தால் முதலில் போகும் இடம் அந்த வயிற்றுச் சதைதான். அம்மாவுக்கு அனிசாகிஸ் தெரியாது. அது எங்கே இருக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

அம்மா காலத்தில் அது எளிதாகவும் இருந்தது. 1986இல் நின்றுபோன தரங்கம்பாடி ரயிலில், காலையில் கரையேறிய மீன் அன்றே மாயவரம் வந்துவிடும் என்பார். இன்றைக்கும் அக்காவின் சட்டியில் வருவது அன்றைய மீன்தான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியேறி வரும் மீனைத்தான் பலர் வாங்குகிறோம். குடலோடு இரண்டு மூன்று நாள் கிடந்த மீன் அது. ஐஸில் இந்தப் புழு சாகாது. அந்த நாட்களில் வயிற்றுச் சதையை வெளிச்சத்தில் பார்க்கும் அம்மாவின் பழக்கத்தை நானும் பிடித்துக்கொள்கிறேன்.

இனி அடுப்புக்கு வருவோம். மீனின் நடுச்சதை 60 பாகை செல்சியஸ் சூட்டை எட்டி ஒரு நிமிடம் நின்றால் புழு செத்துவிடும் என்பது ஐரோப்பியக் கணக்கு. அமெரிக்க உணவுத் துறை 63 பாகை என்று சொல்கிறது. நம் குழம்பு கொதிப்பது 100 பாகையை ஒட்டி. அன்று வாங்கிய வாளையைத் துண்டு போட்டு, புளி கரைத்து, மாங்காய் போட்டு, மண்சட்டியில் குழம்பு வைத்தேன். குழம்பு கொதித்த பின் துண்டுகளைப் போட்டு, விரல் பருமனான ஒரு துண்டின் நடுவில், ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவது போன்ற வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்குள் 60ஐத் தாண்டியது. நாம் பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறோம். மீன் குழம்பு வைக்கும் எந்த டெல்டா வீட்டிலும் இந்தப் புழு உயிரோடு இலைக்கு வந்து சேர வழியில்லை.

வழி இருப்பது வேறு இடங்களில். கனத்த துண்டைச் சட்டியில் பெருந்தீயில் வைத்து, மேலே மசாலா கருகி, முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி போலப் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிடுவது. தணலில் வாட்டும்போதும் இது நடக்கும். சதை பால் வெள்ளையாக மாறி முள்ளை விட்டுத் தானாக விலக வேண்டும். இன்னொன்று, எலுமிச்சைச் சாறு. சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தபோது மீனைச் சிறு துண்டாக அரிந்து எலுமிச்சையில் ஊறவைத்து, "இதுவே வெந்த மாதிரிதான் அத்தை" என்றான். சதை வெளுத்துத்தான் இருந்தது. அதனால் அந்த மாசி ஞாயிறன்று இதையும் சோதித்துப் பார்த்தேன். வாளையிலிருந்து எடுத்த இரண்டு சுருள்களை எலுமிச்சைச் சாற்றிலும் இரண்டைக் காடியிலும் போட்டேன். மறுநாள் காலை காப்பி போடும்போது பார்த்தால் நான்கும் நெளிந்துகொண்டிருந்தன. ஐந்தாவது ஒன்றை வெந்நீரில் போட்டேன். தொட்ட மாத்திரத்தில் விறைத்து நின்றுவிட்டது. அண்ணன் மகனுக்கு அந்தப் படத்தை அனுப்பிவைத்தேன். பச்சையாகத்தான் சாப்பிட வேண்டுமென்றால் உறையவைத்த மீனாக இருக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் 24 மணி நேரம் என்று ஐரோப்பாவிலும், 7 நாள் என்று அமெரிக்காவிலும் விதி. வீட்டுக் குளிர்பெட்டியின் உறையறை பெரும்பாலும் கீழே 18ஐ ஒட்டித்தான் நிற்கும், அடிக்கடி திறந்து மூடுவோம், அதை நம்பிப் பச்சை மீன் சாப்பிட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொதிக்கும் குழம்பும் முழுக் காவல் அல்ல. புழு செத்தாலும் அதன் உடலில் உள்ள சில புரதங்கள் சூட்டில் அழிவதில்லை. ஏற்கெனவே இந்தப் புழுவுக்கு ஒவ்வாமை உண்டானவர்களுக்கு அதனால் தடிப்பு, அரிப்பு, அரிதாக மூச்சுத் திணறலே வரலாம். மீன் சாப்பிடும்போதெல்லாம் உடம்பு தடிக்கிறவர்கள் மருத்துவரிடம் காட்டி, மீன்தான் காரணமா வேறேதும் காரணமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுச் சாசரைக் காட்டினேன். அவர் நின்று கேட்டார். முகத்தில் அருவருப்பு போகவில்லை. "அப்படியானால் முன்பைவிடப் புழு அதிகமாகிவிட்டதா டீச்சர்? கடல் கெட்டுப்போனதாலா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் வெளியான பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, 1962 முதல் 2015 வரை மீன்களில் அனிசாகிஸின் எண்ணிக்கை 283 மடங்கு கூடியிருப்பதாக எழுதினார்கள். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. கடல் சூடாவது, கரையிலிருந்து சத்துகள் போய்க் கலப்பது என்று பலவற்றை முன்வைத்தார்கள். அவற்றில் ஒன்று, திமிங்கிலங்களும் ஓங்கில்களும் பாதுகாக்கப்பட்டு மறுபடி பெருகுவது. வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலக அளவிலான தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஓங்கிலைக் காக்கிறது. இறுதி வீட்டில் ஆள் பெருகினால் வழியில் காத்திருப்பவர்களும் பெருகுவார்கள் அல்லவா? "ஓங்கிலே இல்லாத கடலில் இந்தப் புழு இருக்காது தம்பி" என்றேன். அவர் செல்பேசியை எடுத்து, காலையில் எடுத்த படத்தை இரண்டு குழுக்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உள்ளூர்ப் பக்கம் யாரும் மீன் வாங்கவில்லை. கடல் கொண்டுபோன மனிதர்களை மீன்கள் தின்றிருக்கும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அக்கா அந்த அலையில் வீட்டை இழந்தவர், நெருங்கிய சொந்தத்தில் ஆட்களை இழந்தவர். கடலுக்குப் போன முதல் படகுகள் கொண்டுவந்த மீனைச் சட்டியில் வைத்துக்கொண்டு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வாசலாக நின்றார். நானும் வாங்கவில்லை. உயிரியல் படித்தவள், படிப்பித்தவள், கதவின் பின்னால் நின்றுகொண்டு 'இன்றைக்கு வேண்டாம் அக்கா' என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற இரசாயனத்தைச் சேர்க்கிறார்கள் என்ற பயம் 2018இல் வந்தபோதும் வெளியூர் மொத்த லாரிகளைப் பற்றிய செய்திக்கு, காலையில் கரையில் ஏலம் எடுத்து வந்த அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மீனைப் பற்றிய எந்தப் பயம் எங்கே கிளம்பினாலும் கடைசியில் வந்து இறங்கும் இடம் அவர் தலையிலிருக்கும் அந்தச் சட்டி. அவர் போட்ட முதல் அன்றைக்கே திரும்பி வந்தால்தான் மறுநாள் ஏலத்தில் நிற்க முடியும். பஸ்ஸில் சட்டியை ஏற்ற இடம் கேட்டு நிற்பது வேறு.

அடுத்த ஞாயிறு அக்கா வந்ததும் வீட்டுக்குள் கூப்பிட்டேன். உள்ளே வந்து பழக்கமில்லாததால் வாசற்படியிலேயே தயங்கினார். பிடித்து உட்காரவைத்து, என் பழைய நுண்ணோக்கியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒரு வாளையிலிருந்து எடுத்த புழுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. முந்தானையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் அப்படியே இருந்தார்.

"முனையில் பல் மாதிரி ஒன்று இருக்கிறதே, டீச்சர்."

"ஆமாம். அதை வைத்துத்தான் துளைக்கிறது."

"ஓங்கில் வயிற்றுக்குப் போகத்தானா இவ்வளவு பாடு?" என்றார். பிறகு நிமிர்ந்து, "இத்தனை வருடமாக இதைப் பார்க்கிறேன். அழுகியதால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். உயிர் மீனிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டம்ளரில் காப்பியை ஆற்றிக் கொடுத்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது எதிர்வீட்டுத் தம்பியின் மனைவி பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துச் சொன்னார்: "வாளை வேண்டாம். சங்கரா இருந்தால் ஒரு கிலோ. இங்கேயே ஆய்ந்து, வயிற்றைத் திறந்து காட்டிக் கொடுங்கள் அக்கா." அக்கா அரிவாள்மனையை விரித்து, ஒரு காலை மடித்து அதன் மேல் போட்டு உட்கார்ந்தார். முதல் மீனில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஈரலோரம் ஒரு சின்னச் சுருள். அக்கா கையை நிறுத்தி, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவர் குனிந்து பார்த்தார். அக்கா அதை நகத்தால் கிள்ளி அருகிலிருந்த சாம்பலில் போட்டு, குடலை இழுத்தெறிந்துவிட்டு வயிற்றை விரித்துக் காட்டினார். அந்தப் பெண் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் கையில் ஊற்றினார்.